தட்டெகெரெ: இந்தக் கரை நமக்கு, எதிர்க்கரை யானைக்கு

பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு ஏரி என்றால் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் நிற்கிற இடம். நகரத்து ஏரிகள் பலவற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்பதற்கு மழை காரணமில்லை. சுற்றியுள்ள வீடுகளின் கழிவுநீர்தான் அவற்றை நிரப்பி வைத்திருக்கிறது. மேலே படர்ந்து கிடக்கும் ஆகாயத்தாமரையே அதற்குச் சாட்சி. காட்டோரத்து ஏரிக்கு அந்தப் பிழைப்பு கிடையாது. மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி வந்தால் தண்ணீர் உண்டு, வராவிட்டால் வெடித்த சேற்றுத் தரைதான். கனகபுரா சாலையில் ஹாரோஹள்ளியிலிருந்து பிரிந்து உள்ளே போனால் வருகிற தட்டெகெரெ இந்த இரண்டாவது ரகம். ‘ஏரி என்றார்கள், போய்ப் பார்த்தால் மாடு மேய்கிறது’ என்று ஏப்ரலில் போய்வந்தவர்கள் புலம்புவது இதனால்தான்.

நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் காட்டுப் பகுதி. குன்றுகள் சூழ்ந்த ஏரி, ஓரத்தில் மகாதேஸ்வரர் கோயில். படகு, டிக்கெட் கவுன்ட்டர், செல்ஃபி மேடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பன்னேர்கட்டா என்றதும் சஃபாரி பஸ்ஸும் பட்டாம்பூச்சிப் பூங்காவும் நினைவுக்கு வரும். அவை வடக்கு ஓரத்தில் சின்ன ஒரு துண்டு. 1974இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா 260 சதுர கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நீண்டு கிடக்கிறது. பன்னேர்கட்டா, ஹாரோஹள்ளி, ஆனேக்கல், கோடிஹள்ளி என நான்கு வனச்சரகங்கள். கீழே போகப் போக ஒரு பக்கம் காவிரிக் காடு, இன்னொரு பக்கம் நம்முடைய ஓசூர் வனக்கோட்டத்தின் ஜவளகிரி, தளி காடுகள். யானைகளுக்கு மாநில எல்லை கிடையாது. அக்டோபர், நவம்பரில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் யானைக் கூட்டம் என்று செய்தி வருமே, அந்தக் கூட்டங்கள் புறப்படுவது இந்தப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்துதான்.

ஆகவே தட்டெகெரெ போவதென்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாதையை விட நேரம். யானை எப்போது தண்ணீருக்கு வரும், நாம் எப்போது அங்கே இருக்கக் கூடாது என்பதுதான் பயணத் திட்டத்தின் அடிப்படை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எந்த மாதம்

பெங்களூர்ப் பக்கம் மழை கூடுதலாகக் கொட்டுவது செப்டம்பரிலும் அக்டோபரிலும். ஜூன், ஜூலைச் சாரல் மண்ணை நனைக்குமே தவிர, ஓடையை ஓட வைக்காது. காய்ந்த காடு முதலில் பெய்கிற மழையைத் தானே குடித்துவிடும். மண் ஊறிய பிறகு பெய்வதுதான் ஏரிக்கு வந்து சேரும். அதனால் ஏரியை நிரம்பிய கோலத்தில் பார்க்க அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. பிப்ரவரியில் நீர் பின்வாங்கி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பிக்கும். பறவை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பருவம் இன்னும் விசேஷம்: ஆழமில்லாத சேற்று நீரில்தான் நத்தைகுத்தி நாரையும் நெடுங்கால் உள்ளானும் இரை தேடும். மார்ச் முதல் மே வரை போகாமலிருப்பது நல்லது. சுற்றுவட்டாரக் குட்டைகளெல்லாம் வற்றி, மிச்சமிருக்கும் நீரைத் தேடி விலங்குகள் பகலிலும் வரும் காலம் அது. காட்டுத்தீ பயமும் அப்போதுதான். தீக்காலத்தில் வனத்துறையின் கெடுபிடியும் கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏரி அழகாக இருக்கும் நவம்பர், டிசம்பரில்தான் ராகி முற்றி அறுவடைக்கு நிற்கும். கதிர் வாசம் பிடித்து யானைகள் காட்டு விளிம்புக்கு வந்துவிடும். இரவில் கொல்லையில் மேய்ந்துவிட்டு, விடிகாலையில் காட்டுக்குத் திரும்பும். நீங்கள் ஆறு மணிக்கு ஆர்வத்தோடு பைக்கில் போய் இறங்குகிற அதே நேரம், அதே வண்டிப்பாதை. ‘சூரிய உதயம் பார்க்கலாம்’ என்று கிளம்புகிறவர்களுக்கு என் பதில் ஒன்றே: வேண்டாம். எட்டு மணிக்கு முன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள், மூன்றரைக்கு மேல் அங்கே இருக்காதீர்கள். நடுவில் கிடைக்கும் நேரம் தாராளம்.

போவதற்கு முன் தண்ணீர் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். கூகுள் வரைபடத்தின் செயற்கைக்கோள் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று சொல்ல முடியாது. அதை நம்பிப் போகாதீர்கள். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 படங்கள் இலவசம். ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஒருமுறை புதுப் படம் வரும், ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர் என்ற அளவில். கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தைத் திறந்து, ஹாரோஹள்ளிக்கும் ஆனேக்கலுக்கும் நடுவே உருப்பெருக்கி, மேகமூட்டத்தை 30 சதவீதத்துக்குக் கீழ் என்று வைத்துக் கடைசித் தேதிப் படத்தை எடுங்கள். இயல்பு நிறத்தில் பச்சை ஏரியும் பச்சைக் காடும் குழம்பிப்போகும். ஃபால்ஸ் கலர் என்ற முறைக்கு மாற்றினால் செடிகொடி சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் தனித்தனியே தெரியும். போன டிசம்பர்ப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது விளங்கிவிடும். மழைமாதங்களில் மேகத்தால் இரண்டு மூன்று படங்கள் வீணாகும். பின்னோக்கித் தேடினால் ஒன்று சிக்கும். கறுப்புத் திட்டு பாதிக்கு மேல் சுருங்கியிருந்தால் வேறு வாரம், அல்லது வேறு இடம்.

போகிற வழி

கனகபுரா சாலை என்பது தேசிய நெடுஞ்சாலை 948. கொள்ளேகால், சாம்ராஜ்நகர், சத்தியமங்கலம் வழியாகக் கோயம்புத்தூர் போகிற அதே சாலைதான். கக்கலிபுரா தாண்டி ஹாரோஹள்ளி. அங்கே இடது பக்கம் ஆனேக்கல் திசையில் பிரிய வேண்டும். பிரிந்த பிறகு வழிகாட்டிப் பலகைகளை நம்ப முடியாது, கன்னடத்தில் மட்டும் இருக்கும், பல இடங்களில் இருக்கவும் இருக்காது. ராமநகரா மாவட்டத்துக்கு 2025இல் பெங்களூரு தெற்கு மாவட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பலகையில் ஒரு பெயர், புதுப் பலகையில் ஒரு பெயர் என்று பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே.

பஸ்ஸில் வருகிறவர்கள் மெஜஸ்டிக்கிலிருந்து கனகபுரா பஸ் பிடித்து ஹாரோஹள்ளியில் இறங்கலாம். மெட்ரோவில் வந்தால் பச்சைத் தடத்தின் தெற்குக் கடைசி நிலையமான சில்க் இன்ஸ்டிட்யூட் வரை வந்து, வெளியே நெடுஞ்சாலையில் பஸ் ஏறிக்கொள்ளலாம். ஆனால் ஹாரோஹள்ளியிலிருந்து உள்ளே போகக் கிராமத்து பஸ்ஸை நம்ப வேண்டாம். போவதற்கு ஒன்று கிடைத்தாலும் திரும்புவதற்குக் கிடைப்பது நிச்சயமில்லை. ஆட்டோ பிடித்தால் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்; இறக்கிவிட்டுப் போன ஆட்டோவைத் திரும்பக் கூப்பிட அங்கே போனில் சிக்னல் இருக்குமென்று சொல்ல முடியாது.

வரைபடச் செயலி இங்கே செய்கிற வம்பு ஒன்று உண்டு. பன்னேர்கட்டா சாலைப் பக்கம் குடியிருப்பவர்கள் வழி கேட்டால், ‘கனகபுரா சாலை சுற்று, ராகிஹள்ளி வழி குறுக்கு’ என்று காட்டும். அந்தக் குறுக்கு வழி காட்டுக்குள் நுழைந்து போவது. பகலில் வண்டி நிறுத்தாமல் போகிறவர்களுக்குப் பாதகமில்லை. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. கரடிக்கல்லையும் மகாதேஸ்வராவையும் இணைக்கும் யானை வழித்தடம் என்று பதிவாகியிருப்பது இந்தப் பக்கத்துக் காட்டில்தான். செயலிக்கு அதெல்லாம் தெரியாது, தூரத்தை மட்டும் பார்க்கும். கிளம்பும்போதே கனகபுரா சாலையை ஒரு நிறுத்தமாகப் போட்டு, வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தூரம் மண்பாதை. காய்ந்திருக்கும்போது ஸ்கூட்டரே போதும். மழை பெய்து ஒரு நாள் ஆகாவிட்டால் செம்மண் களி டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைத்துவிடும், முன் சக்கரம் சுற்றாது. குச்சியை விட்டு நோண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும். கார் என்றால், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமிருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். காட்டுக்குள் முடிகிற பாதையில் எப்போதும் வண்டியின் மூக்கு ஊர்ப் பக்கம் பார்க்கும்படி திருப்பி நிறுத்துங்கள். யானை வந்த பிறகு மூன்று முறை முன்னும் பின்னும் போட்டுத் திருப்ப நேரமிருக்காது.

கரையில் நின்று பார்ப்பது

ஏரிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். ஓடை வருகிற பக்கம் சரிவாக, ஆழமில்லாமல், புல்லும் சேறுமாக இருக்கும்; தண்ணீரைத் தேக்க மண்ணும் கல்லும் போட்டு மேடு கட்டிய பக்கம்தான் கரை. காட்டோர ஏரிகளில் பெரும்பாலும் கரை ஊர்ப் பக்கமாகவும் நீர் வருகிற ஓரம் காட்டுப் பக்கமாகவும் அமையும். யானை இறங்குவது அந்தச் சரிவான ஓரத்தில். குட்டியோடு வருகிற கூட்டம் செங்குத்தான கரைமேல் ஏறி இறங்குவதைக் கூடியவரை தவிர்க்கும். பறவைகளும் இரை தேடுவது அந்த ஓரத்திலேயே. ஆக, பார்க்க வேண்டியதெல்லாம் எதிர்ப்பக்கம், பார்ப்பதற்கு உயரமான இடம் கரை. இருந்தும் வருகிறவர்களில் பாதிப் பேர் கரையில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, ‘அந்தப் பக்கம் ஒரு சுற்று போய் வரலாம்’ என்று கிளம்புகிறார்கள். அந்தச் சுற்றுதான் ஆபத்து. நீர் வருகிற ஓரத்தில் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டியிருக்கும். அந்தப் புதருக்குப் பின்னால் பத்தடியில் யானை நின்றாலும் காதசைகிற சத்தம் வந்தால்தான் உண்டு.

சட்டமும் இதையே சொல்கிறது. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோயிலுக்கும் கரைக்கும் போய் வருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வனக்காவலர் நிறுத்தித் திரும்பச் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் இருக்கும் நாளில் கரைக்கே விடாமல் அனுப்புவதும் உண்டு. காட்டுக்குள் நடந்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்குக் கர்நாடக வனத்துறையின் ‘அரண்ய விஹார’ தளத்தில் மலையேற்றப் பாதைகளுக்கு முன்பதிவு இருக்கிறது, வழிகாட்டியோடு போகலாம்.

கரையில் நடக்கும்போது பழைய மதகைக் கவனியுங்கள். இந்தப் பக்கத்து ஏரிகளில் கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். குறுக்கே ஒன்றிரண்டு பலகைக் கற்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. மேலிருந்து அந்தத் துளைகள் வழியாக நீளமான தடியை இறக்கி, அடியில் உள்ள தூம்பின் வாயை அடைப்பதும் திறப்பதும் அந்தக் காலத்து ஏற்பாடு. தண்ணீர் வற்றுகிற மாதங்களில் எத்தனை பலகை வெளியே தெரிகிறது என்று பார்த்தே ஊர்க்காரர்கள் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்லிவிடுவார்கள். ஏரியில் அதிக ஆழமும் அங்கேதான், ஏனென்றால் கடைசிச் சொட்டு வரை வெளியேற வேண்டுமென்று தூம்பைத் தாழ்வான இடத்தில் வைப்பார்கள். குளிக்க இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ஓரத்தில் முழங்கால் அளவு, அடுத்த எட்டில் தலைக்கு மேல். அடியில் வண்டல் படிந்து கிடப்பதால் கால் ஊன்றி எழும்பவும் முடியாது. ஊன்றிய கால் இன்னும் உள்ளே போகும். நீச்சல் தெரிந்தவர்களையும் சேறு விடாது. இறங்கவே கூடாது.

கரையின் ஒரு கோடியில் மிகுநீர் வழிகிற கலிங்கு இருக்கும். நல்ல மழை வருஷத்தில் ஏரி கோடி போகும்போது பார்க்க அழகு. பாசி படிந்த கல்லில் செருப்புக் கால் நிற்காது, வழிகிற தண்ணீரைத் தாண்டிப் போகிற யோசனையை விட்டுவிடுங்கள்.

பறவைக்கு 8x42 பைனாகுலர் ஒன்று போதும். 10x எடுத்தால் கை நடுக்கம் கூடித் தெரியும், எதிர்வெயிலில் ஏரி மினுங்கும்போது பெரிதாக்கிப் பார்ப்பதால் லாபமில்லை. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பிடியுங்கள். வெயில் முகத்தில் அடித்தால் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஒரே கறுப்பு நிழல்தான். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. நீந்தும்போது உடம்பு முழுக்க மூழ்கி, பாம்புபோலக் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தால் பாம்புத்தாரா. முதுகும் தெரிந்தால் நீர்க்காகம். புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான், கருப்பு வெள்ளை மீன்கொத்தி இவற்றைப் பார்க்கப் பெரிய பொறுமை வேண்டாம். தலைக்கு மேல் குடுமிப் பாம்புக் கழுகு சீட்டியடித்துக்கொண்டு வட்டமிடும். குளிர்காலத்தில் கரையோர மரங்களில் அரசவால் ஈப்பிடிப்பானைத் தேடலாம். மொத்தத்தில் கவனிக்க வேண்டிய பறவை ஆள்காட்டி. எதிர்க்கரையில் ஆளே இல்லாதபோது ஆள்காட்டி விடாமல் கத்தினால் புதருக்குள் ஏதோ நகர்கிறது என்று அர்த்தம். கூடவே நாட்டுக் குரங்கு மரத்தின் மேலிருந்து இருமுவதுபோல் கத்தினால் அது சிறுத்தையாகவும் இருக்கலாம். அந்த நேரம் ஃபோட்டோவுக்காகக் கிட்டப் போகாமல் கரையிலேயே நில்லுங்கள்.

யானை இருக்கிறதா என்று எப்படித் தெரியும்

முதல் வேலை, ஊரில் கேட்பது. ஆனேக்கல் பக்கமென்றால் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஓடும். ஹாரோஹள்ளிப் பக்கம் தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ‘இவத்து ஆனெ பந்திதெயா?’ என்று மாடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள், இன்றைக்கு யானை வந்திருக்கிறதா என்று பொருள். பெரியவர்களை ‘அண்ணா’, ‘அஜ்ஜா’, ‘அம்மா’ என்று கூப்பிட்டுக் கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். பதிலில் ‘ஒண்டி சலக’ என்ற சொல் வந்தால் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுங்கள். கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் ஆண் யானை. கூட்டம் பெரும்பாலும் மனித வாடை பட்டால் விலகிப் போகும். தனியன் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது சாணம். பாதையில் கிடக்கும் யானைச் சாணம் மேலே பளபளவென்று ஈரப்பசையோடு இருந்தால், கிட்டே குனிந்தால் வெதுவெதுப்புத் தெரிந்தால், யானை அதிக தூரம் போகவில்லை. மேல்பாகம் காய்ந்து பழுப்பாகி, குச்சியால் பிளந்தால் உள்ளே மட்டும் பச்சையாக இருந்தால் ராத்திரியோ விடிகாலையோ போட்டது. நார் நாராகப் பிரிந்து, கரையானும் காளானும் வந்துவிட்டால் பழைய சரக்கு, பயமில்லை. வெயிலில் கிடப்பது சீக்கிரம் காயும், நிழலில் கிடப்பது ஏமாற்றும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேற்றில் தடம் தெரிந்தால் வட்டமாக இருப்பது முன்கால், முட்டை வடிவில் நீண்டிருப்பது பின்கால். முன்கால் தடத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். பெரிய தடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டளவு சின்னத் தடம் இருந்தால் குட்டி. அதைப் பார்த்ததும் ‘ஐயோ அழகு’ என்று நிற்காமல் நகர்ந்துவிடுவது புத்திசாலித்தனம், தாய் பக்கத்திலேயே இருப்பாள்.

காற்று எந்தத் திசை என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரு பிடி காய்ந்த மண்ணை இடுப்பளவிலிருந்து உதிர்த்தால் போதும். உங்கள் முதுகிலிருந்து காட்டுப் பக்கம் காற்று அடித்தால் யானைக்கு உங்களைத் தெரியும், அதுவே விலகிப் போக வாய்ப்புண்டு. காட்டிலிருந்து உங்கள் பக்கம் அடித்தால் இருவரும் எதிர்பாராமல் நேருக்கு நேர் முட்டிக்கொள்வீர்கள். காட்டில் நடக்கும் விபத்துகளில் பெரும்பகுதி இப்படித் திடீரென்று எதிர்ப்படுவதால் வருவது.

யானை கண்ணில் பட்டுவிட்டது. தூரத்தில் இருந்தால் பேச்சை நிறுத்தி, வந்த வழியே பின்வாங்க வேண்டும். ஓடுவதை அது துரத்தும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம், உங்களுக்கு அந்த மண்பாதையில் வராது. காதை அகல விரித்து, தலையை உயர்த்தி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு நாலு எட்டு வந்து நின்றால் பெரும்பாலும் மிரட்டல்; காதைப் பின்னால் ஒட்டவைத்து, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் நிஜம். ஆனால் இந்த வித்தியாசத்தை நின்று பரிசோதிக்காதீர்கள், முதல் அறிகுறியிலேயே வண்டிக்குப் போய்விடுங்கள். வண்டிக்குள் இருந்தால் ஹாரன், ஹெட்லைட் சிமிட்டல், ஃபிளாஷ் மூன்றும் கூடாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

ட்ரோன் கொண்டுவருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். தேசியப் பூங்கா மேல் பறக்கவிட அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். தேனீ இரைச்சல் யானைக்கு ஆகாது, ட்ரோன் இரைச்சலும் ஏறத்தாழ அதே ரகம். எதிர்க்கரையில் நிம்மதியாக நீர் குடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தை நீங்களே கிளப்பி ஊர்ப் பக்கம் விரட்டினால், அன்று இரவு கொல்லைக் காவல் காக்கிறவர்தான் பலனை அனுபவிப்பார்.

பையில் என்ன

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பக்கத்தில் கடை இருக்குமென்று நம்பிப் போகாதீர்கள். ஹாரோஹள்ளியிலேயே எல்லாம் வாங்கிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதமோ புளிசாதமோ எவர்சில்வர் டப்பாவில். வாழைப்பழம், பலாச்சுளை, கரும்பு போன்ற வாசம் தூக்கும் பண்டங்கள் வேண்டாம். குரங்கு பையையே பிடுங்கும், யானைக்கும் பல மடங்கு தூரத்திலிருந்து தெரியும். கோயிலில் படைக்க வாங்கிய பழமென்றால் படைத்து முடிக்கும் வரை பைக்குள் மூடி வையுங்கள். கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. உடைந்த கண்ணாடி யானையின் உள்ளங்காலில் ஏறினால் சீழ்பிடித்து வாரக்கணக்கில் நொண்டும். உப்பும் எண்ணெயும் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை யானையும் மானும் தின்றுவிடும், அது வயிற்றிலேயே கிடக்கும். எனவே குப்பையைத் தொட்டி தேடிப் போடாமல் வீட்டுக்கே திரும்ப எடுத்துவாருங்கள். காட்டோரத்துக் குப்பைத்தொட்டி குரங்குக்கு விரிக்கிற பந்தி.

முழுக்கால் பேன்ட், உள்ளங்கால் கெட்டியான ஷூ, பேன்ட் ஓரத்தைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்வது. காய்ந்த மாதங்களில் புல்லிலும் உண்ணிச்செடியிலும் உண்ணி ஏறும். சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம். பாறை முகப்பிலும் பெரிய மரங்களிலும் மலைத்தேனீ அடை தொங்கும், வாசனையும் புகையும் அதைக் கிளப்பிவிடும். அடையைப் பார்த்தால் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், அடுப்பு மூட்டவும் கூடாது.

பாம்பு கடித்தால் கத்தி, கயிறு, வாய்வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசையாமல் கட்டி, மோதிரம் கொலுசைக் கழற்றி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்து 108ஐக் கூப்பிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் காத்திருக்காமல் நெடுஞ்சாலையை நோக்கி வண்டியை எடுங்கள். விஷமுறிவு மருந்துக்குக் கனகபுரா தாலுகா அரசு மருத்துவமனையா, நகரத்துப் பெரிய மருத்துவமனையா என்பதை வழியில் போன் பண்ணி, மருந்து இருப்பு கேட்டு முடிவு செய்யலாம். கண்ணாடி விரியன் இந்தப் பக்கத்து ராகிக் கொல்லைகளிலும் கல் குவியல்களிலும் சாதாரணம். உட்காரும் முன் கல்லைக் காலால் தட்டிப் பாருங்கள், கையை விடாதீர்கள்.

கோயிலுக்குள் போகிறவர்கள் திங்கட்கிழமை, அமாவாசை, சிவராத்திரி நாட்களில் கூட்டம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மாதேஸ்வரன் மலைச் சாமியின் அடியார்கள் இந்தப் பக்கமெல்லாம் உண்டு. அமைதிக்காக ஏரி தேடுகிறவர்கள் வாரநாள், அதுவும் செவ்வாய் முதல் வியாழன் வரை தேர்ந்தெடுப்பது சரியாக வரும். கூட்டம் இருக்கும் நாளில் ஒரு லாபம் உண்டு, ஆள் சத்தத்தில் யானை கிட்டே வருவது குறைவு. ஆனால் பறவையும் குறைவு.

திரும்பும்போது மூன்றரைக்குள் மண்பாதையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையென்றால் நாலரைக்கு மேல் கக்கலிபுராவிலிருந்து நகரம் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பண்ணை வீட்டுக் கூட்டம், மேகேதாட்டு சங்கமம் போய்வருகிற கூட்டம் எல்லாம் அந்த ஒரே சாலையில். அன்று மட்டும் மூன்று மணிக்கே கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை வாசலிலேயே கழற்றி வெந்நீரில் போடுங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை இறுக்கிய இடம் இவற்றில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகத்தால் பிய்க்கவோ மண்ணெண்ணெய் தடவவோ வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப்பாகத்தைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்தால் முழுசாக வந்துவிடும். இடத்தை சோப்புப் போட்டுக் கழுவி, அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டில் உண்ணி கடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.